சிரித்துப் பேசினால் என்ன அர்த்தம்?

நம்பிக்கை: கலகலப்பாகப் பேசுகிற பெண் ‘அந்த’ விஷயத்திலும் தாராளமாக இருப்பாள், வாய் திறக்காதவள்தான் குடும்பப் பாங்கு.

உண்மை: ஆளுமையை உளவியலார் ஐந்து குணங்களாகப் பார்க்கிறார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். 137 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஓர் அலசலில், பாலுறவு குறித்த தாராளமான கருத்தோடு ஒட்டிவந்தது புதுமை நாட்டம். நிறையப் படிக்கிற, எதையும் ஏன் என்று கேட்கிற குணம் அது. நூலகத்தில் தலைநிமிராமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமும் அது இருக்கும். கலகலப்புக்கும் பாலுறவு அனுபவத்துக்கும் கொஞ்சம் தொடர்பு தென்பட்டது, மறைப்பானேன்! ஆனால் இவையெல்லாம் பெருங்கூட்டத்தின் சராசரியில் தெரியும் மெல்லிய போக்குகள். எதிரே நிற்கும் ஒருத்தியைப் பற்றி இவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவள் கருத்து எதுவானாலும் அது யாருக்கும் சம்மதம் ஆகிவிடாது.

நம்பிக்கை: பெண்ணுக்கு இயல்பிலேயே ஆசை குறைவு.

உண்மை: அமெரிக்கக் கல்லூரி வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத ஆண் வந்து படுக்கைக்கு அழைத்தபோது ஒரு பெண்கூடச் சம்மதிக்கவில்லை. இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். 2011இல் டெரி கான்லி என்ற உளவியலாளர், அழைப்பவர் பிரபல நட்சத்திரம் என்று கற்பனை செய்யச் சொன்னார். ஆண் பெண் வித்தியாசம் காணாமல் போனது. தெரியாதவனோடு போனால் ஆபத்து என்ற கணக்கை ஆசைக்குறைவு என்று எழுதிவிட்டோம்.

நம்பிக்கை: பெண்களிடமே நேரில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

உண்மை: கேட்டால் பதில் வரும். யார் பதில் சொல்ல வருகிறார்கள் என்பதுதான் சிக்கல். தேவைகளின் பிரமிடால் பெயர்பெற்ற ஆபிரகாம் மாஸ்லோ, கின்சியின் புகழ்பெற்ற பாலியல் ஆய்வுக்கு எந்த மாணவிகள் முன்வந்தார்கள் என்று பார்த்தார். தன்மதிப்பு மிகுந்தவர்களே அதிகம். அத்தகைய பெண்கள் பாலுறவிலும் தயக்கம் குறைந்தவர்கள் என்பது அவர் முன்பே கண்டது. கூச்சக்காரர்கள் பலர் கணக்கிலேயே வரவில்லை. 1952இல் அவர் இதை எழுதினார். ஏறக்குறைய 6,000 பெண்களைப் பற்றிய கின்சியின் நூல் மறு ஆண்டு வந்தது.

வந்தவர்களும் கேட்பவரின் முகம் பார்த்தே பேசுகிறார்கள். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பதிலை வேறொருவர் பார்க்கக்கூடும் என்று நினைத்த மாணவிகள் சொன்ன துணைகளின் சராசரி எண்ணிக்கை 2.6. பொய் கண்டறியும் கருவியில் இணைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் சொன்னது 4.4. ஆண்களின் பதில் அவ்வளவாக நகரவில்லை.

பதில் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005இல் ஒரு பத்திரிகையிடம் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது குவிந்த 23 வழக்குகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2010 ஏப்ரல் ஆனது. பெண்களிடம் சர்வே எடுக்கப் போகிறவர்களே, பெயரைக் கேட்காதீர்கள். பக்கத்தில் மாமியாரை உட்காரவைத்துக்கொண்டும் கேட்காதீர்கள்.