இவ்வாரப் பாடம்: உயிர்மெய்யெழுத்து

கீழ்வகுப்புகளிலே கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வாரத்திலே தம் மாணாக்கருக்கு உயிர்மெய்யெழுத்துக்களை உணர்த்தத் தொடங்குகின்றனர் எனக் கொண்டு இதனை எழுதுகின்றோம். பாலர்கல்வியிலே இதனினும் பெரிய படி வேறொன்றில்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியிலே விரல் பிடித்து எழுதிய பிள்ளை அன்று எழுத்தின் வடிவை மாத்திரமே கண்டது. உயிரும் மெய்யும் சேர்ந்து ஒலிக்கும் வகையை அறியும் நாளிலேதான் அது வாசிக்கத் தொடங்குகின்றது.

முதற்கண் நம் குற்றமொன்றைக் கூறுவோம். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கற்ற மூன்றாம் வகுப்புச் சிறுமியொருத்தி பாடப்புத்தகத்தைத் தங்குதடையின்றி வாசிப்பாள். பெற்றோரும் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஒருநாள் பாடத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லை விரலாற் சுட்டி, “இது யாது?” என வினாவினோம். அவள் சற்றே விழித்து, பாடத்தின் முதல் வரிக்குச் சென்று, அங்கிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டு வந்து, அச்சொல்லை அடைந்தபின்னரே விடை கூறினாள். அவள் வாசிக்கவில்லை; பாடத்தை முழுவதும் நெட்டுருப்பண்ணி ஒப்பித்தாள். புத்தகத்தை மாற்றிக் கொடுத்தபோது ஒரு வரிதானும் அவளால் வாசிக்க இயலவில்லை. ஓராண்டு முழுவதும் இதனை அறியாதிருந்தது யார் பிழை? பிள்ளையின் பிழையன்று, நம்முடையதே. அன்று தொடங்கி உயிர்மெய் கற்பிக்கும் முறையை நாம் மாற்றிக்கொண்டோம். அம்முறையினையே இங்கு நாள்தோறும் வகுத்துக் காட்டுகின்றோம்.

ஆசிரியர் அறிந்துகொள்ளவேண்டியது

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகத் தமிழெழுத்து 247 என்பது யாவரும் அறிந்தது. இத்தொகையைக் கேட்ட பிள்ளை மலைப்பதும், கேட்பித்த ஆசிரியர் 247 வடிவங்களையும் ஒவ்வொன்றாய் எழுதுவிப்பதும் வழக்கமாயின. இஃது ஆகாது. பிள்ளை புதிதாகக் கற்கவேண்டிய வடிவங்கள் மிகச் சிலவே. உயிரும் மெய்யும் ஆய்தமுமாகிய 31 வடிவங்களோடு குற்று, அரவு, விசிறி, சுழிவிசிறி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு என்னும் 7 குறிகளையும் அறிந்தால் பெரும்பகுதி முடிந்தது. ஒகரமும் ஓகாரமும் கொம்பும் அரவும் சேர்ந்த சேர்க்கையே. ஔகாரத்துக்கு ஒற்றைக்கொம்போடு ளகரம் போன்ற ஓர் உறுப்பு வரும். எஞ்சியவை உகர ஊகார வடிவங்கள். அவற்றுக்கும் ஓர் ஒழுங்குண்டு என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

பிறிதொன்று. 216 உயிர்மெய்யும் ஒருபடித்தாய் வழங்குவனவல்ல. ஙகர வரிசையிலே ‘இங்ஙனம்’ போன்ற சில சொற்களன்றி வழக்கில் யாதும் இல்லை. ‘ஙௌ’ என்பதைப் பத்து முறை எழுதுவிக்கும் ஆசிரியர் அந்நேரத்திலே ‘மா’, ‘பூ’, ‘தே’ என்பவற்றைப் பழக்கினால் பிள்ளை பயன்பெறும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்பவை தமிழ்ச் சொற்களுக்கு முதலில் வாரா; ஆதலின் இவற்றை மாடு, கிணறு, கோழி என இடையிலும் கடையிலும் வருஞ் சொற்களாற் காட்டுக.

திங்கட்கிழமை: செவிக்குரிய பாடம்

இன்று வெண்கட்டியைத் தொடவேண்டாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்பது இலக்கணம். கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் மாத்திரைக்கு அளவாக நம் முன்னோர் கூறியவை. ஆதலால் மாத்திரையைப் பிள்ளைகளின் கையாலேயே அளப்பிக்கலாம். குறிலுக்கு ஒரு கைதட்டல். நெடிலுக்குக் கைதட்டி, கைகளை விரித்து நீட்டல். கல், கால், மலை, மாலை, முடி, மூடி, எடு, ஏடு, தொடு, தோடு, கொடு, கோடு எனச் சோடி சோடியாகச் சொல்லி, எது குறுகியது, எது நீண்டது எனப் பிள்ளைகளே கூறும்படி செய்க. செவியிலே பிரியாத ஒலி கண்ணிலே பிரியாது. ‘கோடு’ என்பதைக் ‘கொடு’ என்றெழுதும் பிள்ளையின் பிழை கையின் பிழையென்று நினைக்கின்றோம். பெரும்பாலும் அது செவியின் பிழையே.

மெய்யொலியைத் தனித்துக் காட்டுவதிலும் கவனம் வேண்டும். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘கானா’, ‘மானா’, ‘ஆவன்னா’ என்பன பெயர்கள். ‘மரம்’ என்பதை ‘மானா, ரானா, இம்மன்னா’ என்று எழுத்துக்கூட்டும் பிள்ளை, அவற்றைச் சேர்த்து ‘மரம்’ என்னும் ஒலியை எவ்வாறு பெறும்? பெயரைப் பின்னர்க் கற்பிக்கலாம். ஒலியை முன்னர்க் கற்பிக்க. பல், மண், பால், நாய் எனச் சொல்லின் கடையிலே மெய்யை நிறுத்திக் காட்டினால் அரை மாத்திரை தெளிவாகக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை: அரவும் விசிறியும்

இன்றுதான் கரும்பலகை. வழக்கமாக நாம் ககர வரிசையை முழுவதும் எழுதி, ‘க, கா, கி, கீ’ என இராகத்தோடு சொல்லுவிப்போம். அதன் பயன் யாதென ஆராய்ந்து பாருங்கள். ‘கே’ என்னும் எழுத்தைத் தனியே காட்டினால், பிள்ளை ‘க’ முதற் சொல்லிக்கொண்டு வந்தே அதனைக் கூறும். அச்சிறுமி பாடத்தை ஒப்பித்ததும் இவ்வாறே.

ஆகவே வரிசையை விடுத்து, குறியைப் பற்றிச் செல்க. அரவு ஒன்றை எடுத்து, கா, மா, பா, வா, நா, தா எனப் பல மெய்களோடு சேர்த்துக் காட்டுக. ஒரே குறி எங்கு வரினும் ஒரே ஒலியைத் தருகின்றது என்பதைப் பிள்ளை தானே காணும். கண்டபின், ‘யா’ என்பதை நாம் சொல்லிக்கொடாமலே அது வாசிக்கும். அப்பொழுது அதன் முகத்திலே தோன்றும் மகிழ்ச்சியைக் கண்ட ஆசிரியர் பழைய முறைக்குத் திரும்பார். பின்பு விசிறியும் சுழிவிசிறியும் அவ்வாறே. ‘டி’, ‘டீ’ என்பவற்றிலே குறி சேரும் இடம் சற்று வேறுபடுதலின் அவற்றைத் தனியே காட்டுக.

இன்னொரு குறிப்பு. வீட்டிலே பாட்டனார் வைத்திருக்கும் பழைய புத்தகங்களிலே ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும் வேறு வடிவில் இருப்பதைப் பிள்ளை கண்டு வினாவலாம். தமிழ்நாட்டிலே 1978ஆம் ஆண்டு அரசு 13 எழுத்துக்களின் வடிவைச் சீர்ப்படுத்தியது. அவ்வடிவங்களே இன்று நம் நாட்டுப் பாடநூல்களிலும் வழங்குகின்றன. “பாட்டனார் புத்தகம் பிழை” என்று சொல்லிவிடற்க. “அவர் காலத்து வடிவம் அது” என்று கூறி, இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுக.

புதன்கிழமை: உகரமும் ஊகாரமும்

இஃது இவ்வாரத்திலே கடினமான நாள். மற்றை உயிர்களுக்குத் தனிக்குறி உண்டு. உகர ஊகாரங்களோ மெய்யின் உடம்பிலேயே ஒட்டிக்கொள்கின்றன. பதினெட்டையும் பதினெட்டாகக் கற்பிப்பின் பிள்ளை களைத்துப்போகும். மூன்று கூட்டமாக வகுத்துக்கொள்க.

முதற் கூட்டம், கீழே வளைந்து சுழிவன: கு, டு, மு, ரு, ழு, ளு. குடம், மாடு, முட்டை, எருமை, கழுகு, உளுந்து என்பன சொற்கள்.

இரண்டாங் கூட்டம், கீழே கோடு இறங்குவன: ஙு, சு, பு, யு, வு. சுளகு, புல், கதவு என்பன போதும்.

மூன்றாங் கூட்டம், கீழே சென்று மேலே ஏறுவன: ஞு, ணு, து, நு, லு, று, னு. துலா, நுங்கு, கிணறு என்பன நம் பிள்ளைகள் அறிந்த சொற்கள். துலாவை இன்று காணாத பிள்ளைகளும் பலராதலின், இயலுமாயின் ஊரில் எஞ்சியுள்ள ஒரு கிணற்றடிக்கு அழைத்துச் சென்று காட்டுக.

மூன்றாங் கூட்டத்துக்கு ஊகாரம் வருங்கால், உகர வடிவோடு ஒரு வளைவு மிகும்: து, தூ, நு, நூ. ‘கூ’, ‘சூ’ என்பவற்றைத் தனியே பழக்குக. இன்று எழுதுவது சிறிதாயினும் நன்று. மணலிலே விரலால் எழுதுவித்தல் கொப்பியில் எழுதுவித்தலினும் சிறந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தார் மணலை விரும்பியது வறுமையினால் மாத்திரமன்று. விரல் உணர்ந்த வளைவைக் கை எளிதில் மறவாது.

வியாழக்கிழமை: கொம்பு

வாயிலே மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்க, கையிலோ கொம்பு முன்னும் மெய் பின்னும் எழுதப்படுகின்றன. ‘செம்பு’ என்பதைக் காணும் பிள்ளை முதலிற் கொம்பைக் கண்டு தயங்குவது இயல்பே. “வாய்க்கு மெய் முதல், கைக்குக் கொம்பு முதல்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால் தயக்கம் நீங்கும். பழைய தட்டெழுத்துப் பொறியிலே கொம்பை முன்னே தட்டுவர். இக்காலக் கணினியோ ‘செ’ என்பதைச் சகரம் முன்னும் எகரக்குறி பின்னுமாகவே தன்னுள் வைத்துக்கொள்கின்றது. பொறியும் செவியின் ஒழுங்கையே பின்பற்றுகின்றது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று.

‘கொ’, ‘கோ’ என்பவற்றிலே குறி இருபுறமும் நிற்கும். தாய் இரு கையாலும் பிள்ளையை அணைப்பதுபோல என்று சொன்னால் பாலர் மறவார். கொக்கு, தொட்டில், கோழி, தோணி என வாசிக்கச் செய்க. கௌதாரி என்பதிலே வரும் ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று வாசிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளற்க. கண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றே போல்வன. சொல்லின் பொருளைக்கொண்டே அவற்றைப் பிரித்தறியவேண்டும்.

எகர ஏகார மயக்கத்துக்கும் ஒகர ஓகார மயக்கத்துக்கும் ஒரு பழைய காரணம் உண்டு. எகர ஒகரங்களுக்குப் புள்ளி இடவேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. ஏட்டிலே புள்ளியிடாது எழுதும் வழக்கம் பரவவே, குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. பின்னர் 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் இன்றுள்ள வேறுபாட்டை அமைத்தார் என்பர். கற்றுவல்லோரே இடம்நோக்கி உணரவேண்டியிருந்த வேறுபாட்டிலே ஆறு வயதுப் பிள்ளை தவறினால் பிரம்பை எடுப்பது நீதியன்று.

வெள்ளிக்கிழமை: காணாத சொல்

இன்று பாடப்புத்தகத்தை மூடிவிடுக. இவ்வாரம் கற்ற எழுத்துக்களால் ஆகிய, பிள்ளை இதுவரை வாசித்திராத பத்துச் சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து வாசிப்பிக்க. மொட்டு, கேணி, வடலி, பேறு, தூண், மீசை போல்வன பொருந்தும். படம் வேண்டாம், படத்தைப் பார்த்துச் சொல்லும் பிள்ளை எழுத்தைப் பாராது. வகுப்பு முழுவதும் ஒருங்கே கூவி வாசித்தலும் வேண்டாம். பத்துக் குரலுக்குள்ளே ஒரு பிள்ளையின் மௌனம் மறைந்துபோம்.

யார் எக்குறியிலே தடைப்பட்டார் என்பதை ஒரு கொப்பியிலே குறித்துக்கொள்க. இது புள்ளிக்காக அன்று. திங்கட்கிழமை யாரை அருகிலிருத்திக் கற்பிப்பது என்பதை நாம் அறிதற்காக. தடைப்பட்ட பிள்ளையைப் பிறர் முன்னே நிறுத்தி நாணச்செய்தலாகாது. ஒருமுறை நாணிய பிள்ளை மறுமுறை அறியாததை அறிந்ததுபோலக் காட்டக் கற்றுக்கொள்ளும். அதுவே நெட்டுருவின் பிறப்பிடம்.

முடிவாக

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே வித்தியாசாலை கண்ட நாவலரவர்கள், நம் பாலர் எளியது முதல் அரியது ஈறாகப் படிப்படியே ஏறும்படி பாலபாடங்களை வகுத்தருளினார்கள். படியொன்று தவறினால் மேற்படியிலே கால் நில்லாது. இன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையைக் குறித்துப் பெற்றோர் மிகக் கவல்கின்றனர். மாலை வகுப்புகளுக்கும் அனுப்புகின்றனர். அப்பரீட்சையிலே வினாவை வாசித்து விளங்காத பிள்ளைக்கு மாலை வகுப்பு யாது செய்யும்? மூன்றாம் வகுப்புக்குப் பின்னர்க் கணிதமும் சுற்றாடலும் சமயமும் யாவும் எழுத்தின் வழியாகவே பிள்ளையை அடைகின்றன. அவ்வழி அடைபட்டால் அப்பிள்ளை எட்டாண்டு வாங்கிலிருந்தும் வித்தியாசாலைக்கு வெளியே நின்றதாகவே முடியும்.

ஆதலால், ஆசிரியர்காள், வருகின்ற வெள்ளிக்கிழமை உங்கள் வகுப்பிலே மிக நன்றாக வாசிக்கிறது என நீங்கள் எண்ணும் பிள்ளையை முதலில் அழைத்து, நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேளுங்கள். அது முதல் வரிக்குத் திரும்பிச் செல்லாமல் உடனே விடை கூறுமாயின் மகிழுங்கள். திரும்பிச் செல்லுமாயின், அதனைக் கடியாது, திங்கட்கிழமைப் பாடத்திலிருந்து அதனோடு மீளத் தொடங்குங்கள். நாம் ஓராண்டு தாமதித்தோம். நீங்கள் ஒரு வாரமும் தாமதியாதிருப்பீர்களாக.