பேனலுக்கு 25 வயது, இன்வெர்ட்டருக்கு?

குழித்துறைப் பக்கம் வீட்டுக்கு சோலார் போடலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அஞ்சாறு வருஷத்துல பேனல் போயிரும், பணம் வேஸ்ட்" என்பார் ஒருவர். "ஒரு தடவை போட்டாச்சுன்னா 25 வருஷம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. இதில் இரண்டாவது பேச்சை நம்பியவருக்குத்தான் செலவு அதிகம்.

பேனல் அவ்வளவு சீக்கிரம் சாகாது. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 1982-ல் நிறுவிய 10 கிலோவாட் பேனல்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து வந்தார்கள். 35 ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலானவை மின்சாரம் தந்தன. அமெரிக்காவின் தேசிய ஆய்வகம் ஒன்று உலகெங்கும் எடுத்த அளவீடுகளைத் திரட்டி 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி, உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் குறைகிறது. இன்று 100 யூனிட் தருவது 25 ஆண்டு கழித்து ஏறத்தாழ 88 தரும்.

முதலில் போவது இன்வெர்ட்டர். பத்து, பன்னிரண்டு ஆண்டில் அதை மாற்ற வேண்டிவரும். அந்தப் பணத்தை இப்போதே கணக்கில் வையுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி இருந்தால் அது இன்னும் சீக்கிரம், நாலைந்து ஆண்டில் கேட்கும். அப்புறம் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம். தேங்காப்பட்டணத்துக் கடற்காற்று எட்டும் வீடுகளில் துரு முதலில் பிடிப்பது வெட்டிய முனையிலும் துளையிட்ட இடத்திலும்தான், ஏனென்றால் அங்கே துத்தநாகப் பூச்சு போய்விட்டிருக்கும்.

"இங்கதான் ரெண்டு பருவ மழையும் பெய்யுதே, மழையே கழுவிரும்" என்பது நம் ஊருக்கே உரிய நம்பிக்கை. தூசிக்கு அது சரி, பாசிக்குச் சரியில்லை. குழித்துறை நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே இருப்பதால் பேனலை அதிகம் சாய்ப்பதில்லை. கீழ்விளிம்பில் சட்டத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கி, அதில் மண்ணும் தென்னம்பூவும் படிந்து, இரண்டு மழைக்காலத்தில் பச்சையாக ஒரு கோடு விழும். விரலளவுதானே என்று விட்டுவிடக் கூடாது. பேனலின் கட்டங்கள் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு கட்டம் மூடினால் அதோடு கோத்த மற்றவையும் மந்தமாகும், மூடிய கட்டமோ சூடேறும். காய்ந்து விழுந்த தென்னை ஓலை நாள் முழுக்கக் கிடந்தாலும் இதே கதைதான். முற்றிய தேங்காய் விழுந்தால் கண்ணாடி தாங்காது. அந்த உடைப்புக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது. தலைக்கு மேல் மட்டை நீளும் தென்னை இருந்தால் பேனலை வேறு மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கழுவுவது விடியற்காலையிலோ மாலையிலோ. உச்சிவெயிலில் சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். மென்மையான துடைப்பானும் வெறும் தண்ணீரும் போதும். உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். பேனல் மேல் ஏறி நின்று தேய்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே விழும், அது ஆண்டுக்கணக்கில் உற்பத்தியைத் தின்னும்.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கூடும் என்பதும் சரியல்ல. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு ஏறினால் உற்பத்தி குறையும். மழை நாளில் குறைவது உண்மைதான். அதனால்தான் ஜூன் மாதக் கணக்கை மார்ச்சோடு ஒப்பிடாமல் போன ஆண்டு ஜூனோடு ஒப்பிட வேண்டும். இன்வெர்ட்டரின் ஆப்பில் அந்த எண் இருக்கும்.

இன்னொரு நம்பிக்கை பலரை ஏமாற்றியிருக்கிறது: சோலார் இருந்தால் கரண்ட் போகாது என்பது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபின் குமரி மாவட்டத்துப் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்வாரியக் கம்பியோடு இணைந்த ஆன்-கிரிட் சோலார், கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படிப்பட்ட நாளிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும்.

2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பொருத்தும் நிறுவனம் 5 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை முறை வருவார்கள், துலாமழையின் இடிமின்னலுக்கு முன் எர்த்தையும் இடிதாங்கியையும் சோதிப்பார்களா, இன்வெர்ட்டர் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.