இழுவை வீட்டுக் கணப்பில் குறை காண்டல்

முன்னுரை

பொறி ஒன்று அடியோடு நின்றுவிட்டால் அதன் குறையைக் காண்பது எளிது. சில வேளை ஓடியும் சில வேளை நின்றும் போகும் பொறியே பழுது பார்ப்பவரின் அறிவைச் சோதிக்கிறது. காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லப்படும் பயண வீடுகளில் பொருத்தப்படும் புரோப்பேன் கணப்பு அத்தகைய பொறிகளுள் ஒன்று. வட அமெரிக்காவில் இவ்வீடுகள் மிகுதி. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இவற்றைச் செய்வதில் பெயர் பெற்றவை. விடுமுறைக்கு மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் இவற்றிலேயே குடியிருப்போரும் உளர். வெளியே உறைபனி பெய்யும் இரவில் கணப்பு நின்றுவிட்டால் குடும்பமே நடுங்கும். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அக்கணப்பு ஏன் நிற்கிறது என்பதை முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரிபொருள்

நம் வீட்டுச் சமையல் வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் ஏறத்தாழ 0° செ. வெப்பநிலையில் கொதிக்கும். அதற்குக் கீழே அது திரவமாகவே உருளையினுள் தங்கிவிடும். புரோப்பேனின் கொதிநிலையோ −42° செ. ஆகவே கடுங்குளிர் நாட்டார் புரோப்பேனையே நாடுகின்றனர். உருளையில் உள்ள உயர்ந்த அழுத்தத்தை ரெகுலேட்டர் குறைத்து, 11 அங்குல நீர்த்தம்ப அழுத்தத்தில் வாயுவைக் கணப்புக்கு அனுப்புகிறது.

இயங்கும் வரிசை

கணப்பின் மோட்டார் ஒன்றே. அதன் அச்சில் விசிறிகள் இரண்டு. ஒன்று வெளிக்காற்றை எரியறைக்குள் செலுத்திப் புகையை வெளியே தள்ளுகிறது. மற்றொன்று அறைக்காற்றை எரியறையின் புறச்சுவர்மேல் செலுத்திச் சூடாக்குகிறது. இரு காற்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பணிகள் பின்வரும் வரிசையில் நிகழும்.

1. அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் மின்சுற்றை மூடுகிறது.
2. 12 வோல்ட் பாட்டரியினால் மோட்டார் சுழல்கிறது.
3. காற்றின் வேகத்தால் ஒரு மெல்லிய தகடு சாய்ந்து சுவிட்சை மூடுகிறது. கப்பற்பாய் போன்ற இத்தகடு உடையதால் இதனைப் பாய்ச் சுவிட்சு எனலாம். மோட்டார் தன் இயல்பான வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டினால்தான் இது மூடும்.
4. அதே சுற்றில் வெப்ப வரம்புச் சுவிட்சு ஒன்று உண்டு. கணப்பு மிகையாகச் சூடேறினால் இது சுற்றைத் திறந்துவிடும்.
5. இவ்விரண்டும் இசைந்த பின்னரே கட்டுப்பாட்டுப் பலகை, சில நொடிகள் காத்திருந்து, வாயு வால்வைத் திறந்து மின்பொறியை எழுப்புகிறது.
6. தீயில் அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தை, பெரும்பாலும் ஒரு திசையிலேயே, கடத்தும். இந்தச் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு தீ பற்றியதைப் பலகை அறிகிறது. சில நொடிகளுக்குள் அது கிடைக்காவிடில் வால்வு மூடப்படும்.

ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு அனுமதி தருகிறது. எனவே எந்தப் படியில் வரிசை அறுந்தது என்பதைக் காதாலும் கண்ணாலும் அறிந்தால், பாதிப் பழுது பார்த்தாயிற்று. உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பணத்துக்கும் கேடு, பயனும் இல்லை.

அறிகுறிகளும் காரணங்களும்

(அ) விசிறியே சுழலவில்லை: தெர்மோஸ்டாட், பியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றை இந்த ஒழுங்கில் சோதிக்க வேண்டும்.

(ஆ) விசிறி சுழல்கிறது. மின்பொறியின் 'டிக் டிக்' ஒலி இல்லை: அடிக்கடி காண்பதும், அடிக்கடி தவறாகக் கணிக்கப்படுவதும் இதுவே. 'வாயு வரவில்லை' என்று பலர் உருளையை மாற்றுகின்றனர். உண்மையில் வரிசை வாயு வரை செல்லவே இல்லை. முதலில் ஐயுற வேண்டியது மின்னழுத்தத்தையே.

ஓம் விதியைக் கொண்டு இதனை விளக்கலாம். மோட்டார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்க. துருப்பிடித்த இணைப்பிலும் மெல்லிய கம்பியிலும் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தால், 8 × 0.2 = 1.6 வோல்ட் வழியிலேயே வீணாகும். பாட்டரியில் 12 வோல்ட் இருந்தும் கணப்பை அடைவது 10.4 வோல்ட்டே. இத்தகைய கணப்புகளுக்கு 10.5 வோல்ட்டாவது தேவை. மோட்டார் சுழலும்; ஆனால் சோர்ந்து சுழலும். பாய்ச் சுவிட்சு மூடாது. விசிறி நின்றிருக்கையில் அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் இந்த இழப்பு தெரியாது. ஆகவே விசிறி ஓடும்போதே, கணப்பின் முனைகளிலேயே அளக்க வேண்டும்.

மாலையில் ஒழுங்காக எரிந்து விடியற்காலையில் மறுக்கும் கணப்பின் மருமமும் இதுவே. இரவெல்லாம் விசிறியும் விளக்கும் பாட்டரியை உறிஞ்சுகின்றன. குளிரில் ஈயப் பாட்டரியின் திறனும் குறைகிறது. முகாமின் மின் இணைப்பைத் தந்து பாட்டரிக்கு மின்னேற்றியதும் கணப்பு சீராக ஓடினால் ஐயம் தெளிந்தது. மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஒலி எழாவிடில், பாய்ச் சுவிட்சில் நூலோ முடியோ தூசியோ சிக்கியிருக்கலாம்.

(இ) ஒலி உண்டு. தீ இல்லை: முதலில் சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். அது எரிந்தால் குழாயில் வாயு உண்டு. பிறகு அழுத்தமானியால் 11 அங்குலம் நிலைத்து நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும். கடுங்குளிரில், தீரும் நிலையில் உள்ள உருளை போதிய வேகத்தில் ஆவி தராது. ஈரம் புகுந்த ரெகுலேட்டர் உறைந்து அடைபடுவதும் உண்டு. கோடையில் மண்குளவி கட்டிய கூடு எரிகுழலையோ புகைவாயையோ அடைத்திருக்கலாம். மின்பொறி முனைகளின் இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்.

(ஈ) தீ பற்றிச் சில நொடிகளில் அணைகிறது: தீயை உணரும் முனையில் கரி படிந்திருக்கலாம், எரிகுழலின் தரையிணைப்பு தளர்ந்திருக்கலாம். பலகையின் செம்புத் தொடர்புகளில் களிம்பு ஏறியிருந்தால், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தாலே போதும்.

(உ) சற்று நேரம் எரிந்து அணைந்து, விசிறி ஓடிக்கொண்டேயிருந்து, மீண்டும் பற்றுகிறது: வெப்ப வரம்புச் சுவிட்சின் வேலை இது. வெப்பக் காற்றின் வழியைப் படுக்கையோ பெட்டியோ மறைத்திருக்கும்.

விட்டுவிட்டு வரும் குறைக்கு ஒரு குறிப்பேடு நல்ல துணை. நின்ற நேரம், அப்போதைய வோல்ட், காற்றின் திசை, உருளையின் எடை ஆகியவற்றை நான்கு இரவுகள் குறித்தாலே காரணம் பெரும்பாலும் தானே முகம் காட்டும்.

செய்யத் தகாதது

குளிரின் கொடுமை தாங்காமல், பாய்ச் சுவிட்சின் இரு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிடுவோர் உண்டு. கணப்பு உடனே எரியும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. காற்று குறைந்தால் எரிதல் முழுமை பெறாது. கார்பன் மோனாக்சைடு தோன்றும். மிகுசூட்டால் எரியறைச் சுவர் வெடித்தால் அந்நச்சு அறைக்குள் கலக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். உறங்குவோர் விழிக்கமாட்டார். வெடித்த எரியறையை ஒட்டவைக்கலாகாது, மாற்றவே வேண்டும். வாயுக் கசிவைச் சோப்பு நீரால் காண வேண்டுமேயன்றித் தீக்குச்சியால் அன்று. வாயுப் பகுதிகளைப் பிரிப்பது பயின்றவர் பணி. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி எவ்வண்டியிலும் இருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

நின்றுவிட்ட கணப்பு பல வேளைகளில் பழுதுபட்ட கணப்பு அன்று. காவல் புரியும் கணப்பேயாகும். ஏதோ ஒரு சுவிட்சு, 'இப்போது எரிப்பது தகாது' என்று தடுத்து நிற்கிறது. அக்காவலனை அகற்றாமல், அவன் தடுத்ததன் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை. வரிசையை அறிதல், அறுந்த இடத்தைக் கேட்டல், ஊகியாமல் அளத்தல் ஆகிய மூன்றும் ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் பயில்பவை. அவை உறைபனி இரவில் ஓர் உயிரையும் காக்க வல்லவை என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.