செவிச்செல்வம் பேணுவோம்



வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 42ஆவது அதிகாரம். நூல்களைக் கற்க வாய்ப்பில்லாதவனும் கேட்டறிந்து உயரலாம் என்பது அவர் காட்டும் வழி. தமிழிலே 'கேள்' என்னும் ஒரு சொல் செவிகொடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். டொச்சு மொழியில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள என்பதை நீங்கள் அறிவீர்கள். நன்றாகக் கேட்பது எவ்வாறு என்பதை நாம் இன்டர்லாக்கனில் ஒரு விழாவிலே தொண்டராக நின்று கற்றோம். அக்கல்வியால் எமது வீட்டிலிருந்த ஒரு பழைய ஒலிநாடா பிழைத்தது. அவ்விரண்டையும் இங்கு பாடமாகத் தருகின்றோம்.

1. தொண்டர்களால் நடக்கும் ஊர்

இன்டர்லாக்கன் உல்லாசப் பயணிகளின் ஊர் என்றே பலரும் அறிவர். அது விழாக்களின் ஊரும் ஆகும். வில்லியம் ரெல் நாடகத்தை ஊர்மக்களே வேடந்தாங்கி நடிக்கும் திறந்தவெளி அரங்கு இங்கு 1912ஆம் ஆண்டு தொடங்கியது. பாரவூர்தி ஓட்டுநர்களும் கிராமிய இசை ரசிகர்களும் ஒன்றுகூடும் விழா 1994இலும், றொக் இசை ரசிகர்களின் கிரீன்ஃபீல்ட் விழா 2005இலும் ஆரம்பமாயின.

இவையெல்லாவற்றிற்கும் மூத்தது உன்ஸ்புன்னன் விழா. 1798 முதல் 1803 வரை இப்பிரதேசம் பேர்ண் நகரினின்றும் பிரிந்து தனி மாநிலமாக இருந்தது. மீண்டும் இணைந்த பின்னரும் நகர மக்களுக்கும் மலைநாட்டு மக்களுக்கும் இடையே மனக்கசப்பு நீடித்தது. அதனைத் தணிக்க எண்ணிய நகரப் பெரியோர், 1805 ஆகஸ்ட் 17இல், வில்டர்ஸ்வில் கிராமத்தருகே உன்ஸ்புன்னன் கோட்டை இடிபாட்டின் கீழுள்ள புல்வெளியில் மல்யுத்தம், கல்லெறிதல், பாட்டு ஆகியன கொண்ட ஒரு விழாவை நடத்தினர். இன்று அவ்விழாவில் எறியப்படும் கல்லின் நிறை 83.5 கிலோ. 1808இல் நடந்த இரண்டாம் விழாவைக் கண்டு எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்தால் அம்மையாரின் நூலால் இதன் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

அவ்விழாவின் நோக்கங்களுள் ஒன்று, அல்ப்ஹோர்ன் என்னும் நீண்ட மலைக்கொம்பை வாழவைப்பது. அக்காலத்தில் அதனை ஊதத் தெரிந்தோர் மிகச் சிலராகவே எஞ்சியிருந்தனர். விழாவை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான நிக்லவுஸ் ஃபொன் முலினென் என்பார் பின்னர் புதிய கொம்புகளைச் செய்வித்தார். ஃபெர்டினான்ட் ஹூபர் என்னும் இசையாசிரியர் 1826இல் கிரின்டல்வால்டில் இளைஞர்களுக்கு அவற்றை ஊதப் பயிற்றுவித்தார். இன்று சுவிற்சர்லாந்தின் அடையாளமாக விளங்கும் அக்கருவி, சில ஆர்வலர்களும் ஓராசிரியரும் ஒரு சிறு வகுப்பும் காத்துக் கொடுத்த செல்வம். சனிக்கிழமை தோறும் உறக்கத்தைத் துறந்து தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளே, இச்செய்தியை நினைவில் இருத்துங்கள்.

2. புல்வெளியிலே ஒரு வகுப்பு

2017 ஆகஸ்ட் மாத இறுதியில் உன்ஸ்புன்னன் விழா மீண்டும் நடைபெற்றபோது, நாம் வேலை செய்த உணவுவிடுதிச் சமையற்கூடத்தில் உடன் பணியாற்றிய சுவிஸ் நண்பர் ஒருவர், தொண்டர் வேலைக்கு எம்மையும் அழைத்தார். தாயகத்தில் விஞ்ஞானம் கற்பித்த நாம், இங்கு அதுவரை பாத்திரம் கழுவுபவராக மட்டுமே அறியப்பட்டிருந்தோம். வாங்குகளைச் சுமப்பதும், வடங்களின் மேல் விரிப்பு இடுவதும், வந்தோர்க்கு வழி காட்டுவதும் எமக்கு வாய்த்த பணிகள்.

முதல் நாள் மாலை, ஒலியமைப்பைச் சரிபார்த்த முதியவர் ஒருவர் எம்மை அழைத்து, "என்னோடு நடவும், எங்கே சொல் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லும்" என்றார். மேடையில் ஒருவர் எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஓசை பெரிதாயிருந்தது, சொல் கலங்கியிருந்தது. பக்கத்துக் கட்டடத்தின் அருகே ஒவ்வோர் எண்ணும் இருமுறை கேட்டது. நடுவே ஓரிடத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே துலங்கிற்று. அங்கே அவர் ஒரு முளையை அறைந்தார்.

பின்வரிசைக்கென வைத்த ஒலிபெருக்கிகளை அவர் வேண்டுமென்றே சற்றுத் தாமதித்து ஒலிக்கச் செய்தார். காரணம் வினவினோம். ஒலி காற்றில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே மேடையிலிருந்து 34 மீற்றர் தொலைவை அடைய அதற்குப் பத்தில் ஒரு வினாடி வேண்டும். மின்சாரமோ கம்பி வழியே கணப்பொழுதில் சென்றுவிடும். இரண்டையும் இணக்காவிட்டால் பின்னாலிருப்போர்க்கு ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். இதனை நாம் வகுப்பறையில் பன்முறை கற்பித்திருக்கின்றோம்; காதால் கேட்டது அன்றுதான். எமது குறைந்த டொச்சு மொழியைப் பொருட்படுத்தாது அப்பெரியவர் எம்மை நிகராக நடத்தினார். அவரிடத்து நாம் மாணவரானோம்.

மறுநாள் அல்ப்ஹோர்ன் ஊதுவோர் மின்கருவி எதுவுமின்றி எட்டத்தே நின்று ஊதினர். அக்கருவிக்கு விரற்றுளைகள் இல்லை. அதன் நீளம் பெரும்பாலும் 3.4 மீற்றர் அளவினது. அத்தகைய குழாயில் எழக்கூடிய மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 6.8 மீற்றர். 340ஐ 6.8ஆல் வகுத்தால் 50. எனவே அவ்வொலி வினாடிக்குச் சுமார் 50 அதிர்வுகளை உடையது. ஊதுபவர் உதட்டின் இறுக்கத்தால் 100, 150, 200 என அதன் மடங்குகளை மட்டுமே எழுப்ப இயலும். 11ஆம் மடங்கு வழமையான சுரங்களுள் எதனுடனும் சரியாகப் பொருந்தாது. இரண்டு சுரங்களுக்கு இடையே நிற்கும். அதனை அவர்கள் குறையாக எண்ணித் திருத்துவதில்லை. 'அல்ப்ஹோர்ன் ஃபா' எனப் பெயரிட்டுப் போற்றுகின்றனர். இதனைப் பிற்பாடு மீண்டும் எண்ண நேர்ந்தது.

3. வீட்டிலே இசைக்கருவியை ஒழுங்குசெய்தல்

எமது வீட்டில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய ஓர் ஒலிபெருக்கிச் சோடியும் ஒரு கசெற் கருவியும் இருந்தன. ஒலிபெருக்கிகளில் ஒன்று அலுமாரியின் மேலும் மற்றொன்று மூலையிற் கதிரையின் பின்னும் கிடந்தன. விழா முடிந்த வாரமே, அம்முதியவர் செய்தவாறு அறையெங்கும் நடந்து கேட்டோம். பின்வரும் மாற்றங்களைச் செய்தோம். செலவு சில பிராங்குகளே.

ஒன்று: இரு ஒலிபெருக்கிகளும் நாம் அமரும் கதிரையும் சமபக்க முக்கோணமாக அமையுமாறு வைத்தோம். இப்போது பாடுபவரின் குரல் இரண்டிற்கும் நடுவே நின்று கேட்கின்றது.

இரண்டு: உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறு கூம்பு, அமர்ந்திருப்பவரின் காதின் மட்டத்தில் இருக்குமாறு உயர்த்தினோம்.

மூன்று: அவற்றைச் சுவரினின்றும் மூலையினின்றும் விலக்கினோம். மூலையில் தாழ்ந்த ஒலிகள் பெருகிக் குரலை மூடிவிடும்.

நான்கு: கண்ணாடி யன்னலுக்குத் தடித்த திரையும், தரைக்கு விரிப்பும் இட்டோம். சுவரில் மோதி 3.4 மீற்றர் அதிகம் சுற்றிவரும் ஒலி நூறில் ஒரு வினாடி பிந்தி வந்து கலக்கின்றது. துணியும் புத்தக அடுக்கும் அதனை மெலிவிக்கும்.

ஐந்து: ஒலிபெருக்கிகளின் கீழ் இறப்பர்த் துண்டுகள் வைத்தோம். மாடிக்குடியிருப்பில் தாழ்ந்த ஒலி தரை வழியே கீழ்வீட்டுக்குச் செல்லும். இரவு பத்து மணிக்குப் பின் அயலவர் உறக்கத்தைக் காப்பதும் இசை ரசிகனின் கடன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, நாட்டிய அரங்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாய் அமைய வேண்டும் என அளவு கூறுகின்றது. கலைக்கு இடத்தை அளந்து அமைத்தல் எம்மவர்க்குப் புதிதன்று.

4. ஒலிநாடாவின் நடுக்கம்

இவ்வாறு ஒழுங்குசெய்த பின் நாம் முதலிற் கேட்டது, எமது தாயார் 1993இல் பாடிய ஒரு தாலாட்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. எனவே மக்கள் சைக்கிள் தைனமோவினால் வானொலி கேட்டனர். எமது வீட்டிலும் அண்ணர் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்க, அம்மின்சாரத்தில் கசெற் கருவி சுழல, அம்மா தாலாட்டினார். ஏணையில் கிடந்தது சித்தியின் குழந்தை. பொத்தானை அழுத்தியவர் நாம்.

பல ஆண்டுகளாக அந்த ஒலிநாடா இரைச்சலாகவே கேட்டது. அன்று அம்மாவின் மூச்சும் கேட்டது. அருகிலிருந்த மகள் வினவினாள்: "அப்பா, அப்பம்மா ஏன் இப்படி நடுங்கிப் பாடுகிறா?"

மாணவர்களே, சற்றுச் சிந்தியுங்கள். குரல் சில இடங்களில் மேலேறிச் சில இடங்களில் இறங்குகின்றது. மிதிப்பவர் களைத்தபோது தைனமோவின் மின்னழுத்தம் குறைந்தது. நாடா மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓடவிட்டால், குரல் விரைந்து உயர்ந்து ஒலிக்கும். ஆகவே அம்மாவின் குரல் உயரும் இடமெல்லாம் அண்ணரின் கால்கள் களைத்த இடம். அது தாழும் இடம், அவர் மீண்டும் ஊன்றி மிதித்த இடம்.

"கணினியில் இதைச் சமப்படுத்திவிடலாம், நான் செய்து தரட்டுமா?" என்றாள் மகள். அவளால் இயலும். நாம் உடனே விடை கூறவில்லை. அண்ணர் 1996இல் வெளியே சென்றவர், திரும்பவில்லை. இடப்பெயர்வுகளில் அவரது புகைப்படம் ஒன்றேனும் எஞ்சவில்லை. அந்த நடுக்கம் ஒன்றே அவர் எமக்கு விட்டுச்சென்ற அடையாளம். இதனை அவளுக்கு அன்றுதான் முதன்முறையாகச் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, "மறுபடி போடுங்கோ அப்பா, பெரியப்பாவைக் கேட்பம்" என்றாள்.

5. பெற்றோர்க்குச் சில குறிப்புகள்

கசெற் ஒலிநாடா 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. அது வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். நாளடைவில் அதன் பூச்சு உதிரும். எனவே காலந்தாழ்த்த வேண்டாம். முதலில் கருவியின் ஒலித்தலையைப் பஞ்சில் தோய்த்த ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் துடைத்து உலரவிடுங்கள். நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள். பின்பு கருவியைக் கணினியுடன் இணைத்து, வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் அளவில், சுருக்கப்படாத கோப்பாகப் பதியுங்கள். ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைற் இடம் வேண்டும். பிரதிகளை இரு வேறு இடங்களில் வையுங்கள். இரைச்சலை நீக்க விரும்பின் பிரதியில் நீக்குங்கள், முதற்பதிவை மாற்றாதீர்கள். யார் பாடினார், எவ்வூரில், எவ்வாண்டில், அருகில் யார் இருந்தனர் என்பவற்றை எழுதி வையுங்கள். அச்செய்திகளைச் சொல்ல இன்று நீங்கள் இருக்கின்றீர்கள்.

பிள்ளைகளே, உங்கள் ஊரில் விழா நடந்தால் தொண்டராகச் செல்லுங்கள். வாங்கு சுமக்கும்போதும் ஒரு கலை உங்கள் காதில் விழக்கூடும்.

பயிற்சி

1. அல்ப்ஹோர்னின் நீளம் 1.7 மீற்றராயின், அதன் மிகத் தாழ்ந்த ஒலியின் அதிர்வெண் யாது?
2. ஒலிநாடா வேகமாகப் பதியப்பட்டுச் சரியான வேகத்தில் இயக்கப்பட்டால் குரல் எவ்வாறு கேட்கும்? காரணம் கூறுக.
3. உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு தாலாட்டைக் கேட்டுப் பதிந்து, அவர் அதனை யாரிடம் கேட்டறிந்தார் என்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

அருஞ்சொற்கள்

ஏணை: சேலையாற் கட்டிய தொட்டில்
முளை: நிலத்தில் அறையும் சிறு கட்டை
வடம்: தடித்த கம்பி அல்லது கயிறு
துலங்குதல்: தெளிவாதல்