இஷ்டப்பட்டதைச் செய்வது எப்படி?

‘இஷ்டப்பட்டதைச் செய்து வாருங்கள்’ என்று ஆசிரியர் சொன்னதும், ‘என்னத்தடா செய்றது?’ என்று முழிக்கிறோம். நமக்கு யோசனைப் பஞ்சமில்லை. எல்லை இல்லாததுதான் சிக்கல்.

நம்மூர்ப் பழமலைநாதர் கோயிலில் கோபுரம், கொடிமரம், தீர்த்தம், தேர் எல்லாமே ஐந்து. அந்த ஒரே கணக்குக்குள் எத்தனை வகை!

நாமும் ஒரு கணக்கு வைப்போம். கோபுர வாசலில் உள்ள நடனச் சிற்பம் ஒன்றை ஐந்து விதமாக வரையுங்கள். முதலிரண்டு எல்லாரும் போடுவதுதான். அஞ்சாவதில் உங்க கை தெரியும். அதையே களிமண்ணில் செய்யுங்கள். காயும்போதும் சூளையிலும் மண் சுருங்கும்; சற்றுப் பெரிதாகவே செய்யுங்கள்.

அச்சில் ஆயிரம் பொம்மை வார்க்கலாம். ஆனால் புது அச்சுக்கு முதல் உருவத்தை ஒருவர் கையால் செய்யலாம். அந்தக் கை நம்முடையதாகட்டும்!