பிரிச்சா போதுமா? பூட்டத் தெரியணுமே!



கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) தெரியுமா? ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிள் வாங்கினார். தானே பிரித்து, தானே பூட்டி எஞ்சினைக் கற்றுக்கொண்டார்.

எங்க மாமாவும் பழைய அம்பாசிடர் எஞ்சினை முதல்முறை பிரித்தார். நாலு பிஸ்டனையும் ஒரே தட்டில் போட்டுவிட்டு, எது எந்த சிலிண்டருக்கு என்று தெரியாமல் முழித்தார்!

கற்ற பாடம்:

1. கழற்றும்போதே பிஸ்டன், கனெக்டிங் ராடு, அதன் மூடி எல்லாத்துக்கும் எண் போடணும். சேர்ந்தே ஓடித் தேய்ந்தவை. மாற்றிப் பூட்டக் கூடாது.

2. பிஸ்டன் ரிங்குகளின் வெட்டுவாய் ஒரே நேராக நின்றால் அழுத்தம் கசியும், இழுவை குறையும்.

3. பிளக் தீப்பொறி வரிசை 1-3-4-2. ஒயர் மாறினால் வண்டி சரியாக ஓடாது.

அடுத்த எஞ்சினைப் பிரித்தபோது எண் போட்டது நான்தான்! பொண்ணுங்களும் ஸ்பேனர் பிடிக்கலாம்.