அண்டை நாடு நோக்கி: ஒரு குடும்பக் கணக்கு



அமெரிக்காவின் வடக்கே கனடா அமைந்துள்ளது என்று நிலவியல் பாடத்தில் படிக்கிறோம். ஆயினும் டிட்ராய்ட் நகரின் ஆற்றங்கரையில் நின்று தெற்கே நோக்கினால் நம் கண்ணுக்குத் தெரிவது கனடாவின் வின்சர் நகரமே. ஆறு அவ்விடத்தில் வளைந்து செல்வதால் அமைந்த விந்தை இது. 1929-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அம்பாசடர் பாலத்தின் வழியே சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். மிச்சிகன் மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுள் சில, அண்மைக் காலமாக அப்பாலத்தை வேறொரு நோக்கோடு பார்க்கத் தொடங்கியுள்ளன. "நாமும் கனடாவுக்கே போய்விடலாமா?" என்னும் கேள்வி உணவு மேசையில் எழுகிறது, பிள்ளைகள் வாயிலாக நம் வகுப்பறைக்கும் வருகிறது. பெரியோர் தாழ்ந்த குரலில் பேசுவதை அரைகுறையாகக் கேட்டு அஞ்சுவதினும், செய்தியை முழுமையாக அறிவது பிள்ளைகளுக்கு நன்று. ஆதலின் இவ்வாண்டு மலரில் இப்பொருளைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் இரு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குடியுரிமை என்பது ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை; வாக்களிக்கவும் அந்நாட்டின் கடவுச்சீட்டைப் பெறவும் அது வழி செய்கிறது. வதிவுரிமை என்பது ஒரு நாட்டில் நிலையாக வாழவும் விரும்பிய வேலையைச் செய்யவும் கிடைக்கும் உரிமை. வாக்குரிமை அதில் அடங்காது. அமெரிக்காவின் கிரீன் கார்டும் கனடாவின் பி.ஆர். அட்டையும் வதிவுரிமைச் சான்றுகளே. இவற்றைக் "குடியுரிமை" என்று குறிப்பிடுவது நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. இலங்கைத் தமிழர் "வதிவிட உரிமை" என்று பிழையின்றிச் சொல்வர். எச்-1பி விசாவோ இவ்விரண்டிலும் சேராது. அது குறிப்பிட்ட காலத்திற்குக் குறிப்பிட்ட நிறுவனத்தில் வேலை செய்யத் தரும் இசைவு மட்டுமே.

எச்-1பி முறை 1990-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் உருவானது. ஆண்டுதோறும் 65,000 இடங்களும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000 இடங்களும் உள்ளன. முதலில் மூன்றாண்டு, பின்னர் மூன்றாண்டு, ஆக ஆறாண்டு. நிறுவனம் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, அது நிலுவையில் இருந்தால், 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஆறாண்டிற்கு மேலும் நீட்டித்துக்கொண்டே போகலாம். இந்நீட்டிப்பு ஓர் உதவிதான். ஆனால் "தற்காலிகம்" என்னும் நிலையில் பதினைந்து இருபது ஆண்டுகள் ஒரு குடும்பம் வாழ நேர்ந்ததற்கும் அதுவே வழி வகுத்தது. இடையில் வேலை போனால், பொதுவாக அறுபது நாள்களுக்குள் வேறு நிறுவனமோ வேறு விசாவோ தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வீட்டுக்கடன், பள்ளிக்கூடம், பிள்ளையின் பிரேஸ் போட்ட பல் எல்லாம் அந்த அறுபது நாளுக்குள் அடங்கும்.

கிரீன் கார்டு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது? மாணவர்கள் இதை ஒரு வகுத்தல் கணக்காகச் செய்து பார்க்கலாம். வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள் வழங்கப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் அவற்றுள் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது விதி. 1,40,000-இல் 7 விழுக்காடு 9,800. வேலை செய்பவர் மட்டுமன்றி மனைவி மக்களும் இவ்வெண்ணிக்கையில் சேர்வர். நால்வர் அடங்கிய குடும்பம் நான்கு இடங்களை எடுத்துக்கொள்ளும். எனவே 9,800 என்பது 2,450 குடும்பங்களே. பிற நாட்டினர் பயன்படுத்தாத இடங்கள் சில ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. எனினும் நூற்று நாற்பது கோடி மக்களைக் கொண்ட இந்தியாவுக்கும், சில இலட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு என்பதை நினைத்தால், வரிசை நீண்டதில் வியப்பில்லை. இந்தியாவில் பிறந்தவர்க்குப் பத்தாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு இயல்பாகிவிட்டது.

இவ்வரிசையில் மிகுதியாகத் துன்புறுவோர் யார் என்று கேட்டால், வேலைக்குச் செல்லும் தந்தையோ தாயோ அல்லர். இந்தியாவில் பிறந்து, மழலைப் பருவத்திலேயே இங்கு வந்த பிள்ளைகள்தாம். அவர்கள் பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவில் வாழ்பவர்கள். அச்சார்பு 21 வயதில் முடிந்துவிடும். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மனு ஆய்வில் கழிந்த நாள்களைப் பிள்ளையின் வயதிலிருந்து குறைத்துக் கணக்கிட இடம் தருகிறது. வரிசையில் கழிந்த ஆண்டுகளைக் குறைக்க இடமில்லை. 21 வயது நிரம்பியதும் அப்பிள்ளை வெளிநாட்டு மாணவருக்குரிய விசாவுக்கு மாற வேண்டும். அல்லது தான் நினைவறியாப் பருவத்தில் விட்டுவந்த நாட்டிற்குச் செல்ல வேண்டும். கல்லூரிப் படிப்பிற்கு நடுவண் அரசின் உதவித்தொகையும் கடனும் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையா. கோடை விடுமுறையில் பனிக்கூழ்க் கடையில் வேலை செய்யவும் இயலாது. அதே வீட்டில், இங்கு பிறந்த தம்பி அமெரிக்கக் குடிமகன். ஒரே பள்ளியில் படித்து, ஒரே மேசையில் உண்ணும் உடன்பிறந்தோரிடையே சட்டம் கோடு கிழித்துவிடுகிறது.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு, வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதித்து ஆணை பிறப்பித்தது. முன்பே இங்கு விசாவோடு வாழ்வோரை அது நேரடியாகத் தாக்கவில்லை. ஆயினும், விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த பலர் அவ்வார இறுதியில் அச்சத்தோடு விமான நிலையங்களுக்கு விரைந்தனர். பாலத்தை நோக்கும் கண்கள் அதன்பின் கூடின.

இனி அக்கரையைக் காண்போம். கனடா 1967-ஆம் ஆண்டு முதல் புள்ளி முறையைப் பின்பற்றி வருகிறது. பிறந்த நாட்டையோ நிறத்தையோ பாராது கல்வி, மொழி, தொழிலனுபவம், வயது ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்குவது அதன் அடிப்படை. (அதற்கு முன் நிலை வேறு. 1914-இல் கோமகாட்டா மாரு என்னும் கப்பலில் வந்த 376 பேருள் மிகச் சிலரைத் தவிர ஏனையோரை வான்கூவர்த் துறைமுகத்திலிருந்து திருப்பியனுப்பிய நாடும் கனடாதான்.) 2015 சனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் இணையவழி முறை வந்தது. விண்ணப்பிப்போர் 1,200-க்கு இத்தனை எனப் புள்ளி பெற்று, மேலிருந்து கீழாக அழைக்கப்படுகின்றனர். இதில் நாட்டுவாரி உச்சவரம்பு இல்லை.

ஆயினும் இங்கும் காலம் நம்மைத் துரத்துகிறது. துணைவரோடு விண்ணப்பிப்பவர்க்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கான புள்ளி 100. முப்பதிலிருந்து அது தேயத் தொடங்கும். 37 வயதில் 60, 40-இல் 45, 42-இல் 25, 45-இல் ஒன்றுமில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு வயது 37. கார் உற்பத்தி நிறுவனமொன்றில் பொறியாளர். மகள் நான்கு வயதில் வந்தவள், இப்போது 13. மகன் இங்கு பிறந்தவன், வயது 7. "இன்னும் ஐந்தாண்டு பார்ப்போம், அதற்குள் வரிசை நகரும்" என்று தந்தை எண்ணுகிறார். ஐந்தாண்டு கழித்து அவருக்கு 42, மகளுக்கு 18. வயதுக்கான புள்ளியில் 35 குறைந்துவிட்டது. மகளுக்கு எஞ்சியிருப்பது மூன்றாண்டு. அழைப்புக்கும் ஏமாற்றத்திற்கும் இடையே பல வேளைகளில் ஓரிரு புள்ளிகளே நிற்கும்போது 35 புள்ளி சிறிதன்று. ஆகவே இக்கணக்கில் முதல் வரியில் எழுத வேண்டியது சம்பளமன்று, வயது என்பதே எம் கருத்து. நம்மவர் பெரும்பாலும் சம்பளத்தை எழுதிவிட்டு, அங்கேயே நின்றுவிடுகின்றனர்.

சம்பளத்தையும் மறைக்க வேண்டியதில்லை. மென்பொருள் துறையில் கனடாவின் ஊதியம் பொதுவாக அமெரிக்க ஊதியத்தினும் குறைவு. டொராண்டோ, வான்கூவர் நகரங்களில் வீட்டு விலை மிக அதிகம். மருத்துவர், செவிலியர், ஆசிரியர் ஆகியோர் அந்தந்த மாகாணத்தின் உரிமம் பெற்றாலன்றித் தம் தொழிலைச் செய்ய இயலாது. அதற்குச் சில ஆண்டுகள் ஆவதுண்டு. பொறியாளர்க்கு ஒன்டாரியோ மாகாணத்தில் 2023 முதல் "கனடிய அனுபவம்" வேண்டும் என்னும் நிபந்தனை நீக்கப்பட்டிருப்பது நற்செய்தி. குளிரைப் பற்றி மிச்சிகனில் பனி அள்ளியவர்க்கு நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கு ஈடாகக் கிடைப்பவை வேறு. வதிவுரிமையோடு செல்லும் குடும்பத்தில் வேலை போனாலும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. கணவன், மனைவி இருவரும் எங்கும் வேலை செய்யலாம். பிள்ளைகள் உள்நாட்டுக் கட்டணத்தில் கல்லூரி செல்லலாம். விண்ணப்பத்தில் 22 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளைச் சேர்க்கலாம்; விண்ணப்பம் பெறப்பட்ட நாளின் வயதே கணக்கில் கொள்ளப்படும். ஐந்தாண்டுக் காலத்தில் 1,095 நாள் அங்கு வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஊரிலுள்ள தாத்தா, பாட்டி சூப்பர் விசாவில் வந்து ஒரே முறையில் ஐந்தாண்டு வரை தங்கலாம். இங்கோ அவர்கள் வழக்கமாக ஆறு மாதத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

கனடாவின் கதவும் எந்நாளும் ஒரே அளவில் திறந்திருப்பதன்று. 2023 சூலை 16 அன்று எச்-1பி உடையோர்க்கெனத் தனியாகப் பணி அனுமதித் திட்டம் ஒன்றை அது தொடங்கியது. 10,000 இடங்களும் இரண்டு நாளுக்குள் நிரம்பிவிட்டன. 2024 அக்டோபரிலோ, 2025-ஆம் ஆண்டிற்கு வகுத்திருந்த ஐந்து இலட்சம் என்னும் குடிவரவு இலக்கை அந்நாடு 3,95,000-ஆகக் குறைத்தது. வேலைவாய்ப்புக் கடிதத்திற்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சு 25 முதல் நீக்கியது; அக்கடிதங்களைப் பணத்திற்கு விற்ற முகவர்களே அதற்குக் காரணம். இன்றும் "வேலைக் கடிதம் வாங்கித் தருகிறோம்" என்று அழைப்போர் உளர். அவர்களிடம் பணம் கொடுப்பதினும் பிரெஞ்சு வகுப்புக்குக் கொடுப்பது பயன் தரும். பிரெஞ்சு மொழியறிவுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. பிரெஞ்சு அறிந்தோரை மட்டும் குறைந்த புள்ளியிலேயே அழைக்கும் சுற்றுகளும் நடந்துள்ளன.

பலரும் அறியாத ஒன்றை இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கனடியக் குடியுரிமை பெற்றபின் அமெரிக்கா திரும்பினால் கிரீன் கார்டு விரைவாகக் கிடைக்கும் என்று சிலர் நம்புகின்றனர். அஃது உண்மையன்று. அமெரிக்கச் சட்டம் பார்ப்பது பிறந்த நாட்டை. கையிலுள்ள கடவுச்சீட்டை அன்று. மதுரையில் பிறந்தவர் கனடியராகி வந்தாலும் இந்திய வரிசையில்தான் நிற்பார். ஆனால் கனடியக் குடிமக்கள் 1994 முதல் வடஅமெரிக்க வணிக ஒப்பந்தத்தாலும், 2020 முதல் அதன் இடத்தில் வந்த புதிய ஒப்பந்தத்தாலும், டி.என். என்னும் தகுதியில் குலுக்கலின்றி இங்கு வேலை செய்ய வரலாம். வின்சரில் வாழ்ந்துகொண்டு நாள்தோறும் டிட்ராய்ட் மருத்துவமனைகளுக்கு வந்து போகும் செவிலியர் பலர் அவ்வாறு வருபவரே. மற்றொன்று: கணவனும் மனைவியும் வெவ்வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவருள் எவர் பிறந்த நாட்டின் வரிசை குறுகியதோ அதில் இருவரும் நிற்கலாம். கணவர் மதுரையிலும் மனைவி யாழ்ப்பாணத்திலோ ஈப்போவிலோ பிறந்திருந்தால், அக்குடும்பம் கனடாவைப் பற்றி எண்ணுமுன் தம் வழக்கறிஞரிடம் இதைக் கேட்பது நலம். உலகெங்கும் பரந்து வாழும் நம் இனத்தில் இத்தகைய குடும்பங்கள் அரியன அல்ல.

டொராண்டோப் பெரும்பாகத்துத் தமிழரில் பெரும்பான்மையோர் இலங்கைத் தமிழர். 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் அவர்கள் ஏதிலிகளாக வந்தனர். 1986-இல் 155 தமிழர் நியூபவுண்ட்லாந்து கடற்பகுதியில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீனவரால் காப்பாற்றப்பட்டனர். புள்ளி கூட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததில்லை. ஆயினும் இன்று அங்குள்ள கோவில்கள், தமிழ்க் கடைகள், பள்ளி வாரியங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகள் ஆகியன அவர்கள் வேரூன்றியதன் விளைவு. 2021-இல் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கான நிதி நிறைவுற்றதற்கும் அவர்கள் ஈகையே பெருந்துணை. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் இதை மறவாது செல்லுதல் முறை. நம் பிள்ளைகள் அங்கு "பேசினேன்" என்னுமிடத்தில் "கதைச்சனான்" என்று கேட்பார்கள். அதுவும் நற்றமிழே என்பதை இப்போதே சொல்லி வைப்போம்.

முடிவெடுப்பது பெற்றோர் பொறுப்பு. எனினும் பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு, குறிப்பாக எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு, மேற்கண்ட வயதுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். உயர்நிலைப் பள்ளியின் நடுவே மாறுவதினும், அதன் தொடக்கத்தில் மாறுவது அவர்களுக்கு எளிது. அவர்களிடம் கேட்டால் அவர்களே சொல்வார்கள். விண்ணப்பிப்பது வேறு, குடிபெயர்வது வேறு என்பதையும் விளக்குங்கள். ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டாண்டும், பட்டச் சான்று மதிப்பீடு ஐந்தாண்டும் செல்லும். இவற்றை இப்போதே எடுத்து வைப்பதால் எவரும் வீட்டை விற்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவேடு, பள்ளி மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு நம் தமிழ்ப்பள்ளி வழங்கிய நிலைத்தேர்ச்சிச் சான்றிதழையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள். புதிய ஊரின் தமிழ் வகுப்பில் பிள்ளையை எந்த நிலையில் அமர்த்துவது என்று அங்குள்ள ஆசிரியர் கேட்கும்போது அது உதவும்.